நான் மழித்த தலை

அன்று காலை பல் விளக்கிக்கொண்டே நடைக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஹர்பன்ஸ் பாஜி தலைப்பாகைத் துணியின் ஒரு முனையைக் கதவின் கைப்பிடியில் முடிச்சுப் போட்டிருந்தார். இன்னொரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நடையின் கோடியில் நின்று, துணியை விறைப்பாக இழுத்து, அகலத்தைப் பாதியாக்கி, பாதியை மறுபடி பாதியாக்கி, தனியாக மடித்துக்கொண்டிருந்தார். நீலத் துணி. ஐந்து மீட்டர் இருக்கும். நடுவில் அது தொய்ந்து தரையைத் தொட்டது. அவர் குனிந்து தூசியைத் தட்டிவிட்டார்.

என்னைப் பார்த்தார். "குட் மார்னிங்" என்றார். மறுபடி மடிக்கத் தொடங்கினார்.

கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு வருஷமாகக் காலைதோறும் நின்றவன் நான். வாயில் நுரையோடு குளியலறைக்கே திரும்பிப் போனேன்.

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு ஹர்பன்ஸ் சிங்கைத் தெரிந்திருக்கும். நான் மெல்பர்னில் இறங்கிய முதல் குளிர்காலத்தில், தன் கம்பளியை எனக்குக் கொடுத்துவிட்டு மேல்கோட்டோடு படுத்துத் தூங்கியவர் என்று எழுதியிருந்தேன். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பஞ்சாபி. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். விவசாய இயந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் படம் வரைகிற பிரிவு, அவர் தகடு அழுத்தும் இயந்திரத்தில். மேற்குப் பக்கம் சன்ஷைனில், ரயில் பாதையை ஒட்டி, ஒரு பலகை வீட்டைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். அவர்கள் ஊரில் அண்ணனை 'பாஜி' என்பார்களாம். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

என் பெயர் பழனிச்சாமி. தொழிற்சாலையில் அது 'பால்' ஆகிவிட்டது. பாஜிக்கு மட்டும் நான் 'பழனி'.

எங்களுக்குள் பேச்சு இங்கிலீஷில்தான். இரண்டு பேருக்கும் அது அரைகுறை. இங்கே நாங்கள் சரளமாகப் பேசுவதுபோலத் தெரிந்தால் அது தமிழின் உபயம்.

நானாகப் புரிந்துகொண்டது

பாஜி விடியலுக்கு முன்பே எழுந்து, இந்த ஊர்க் குளிரிலும் குளித்து, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாராயணம் செய்வார். பிறகு சின்ன மரச் சீப்பால் தலை வாருவார். முடி இடுப்புக்குக் கீழே வரும். வாரும்போது உதிர்ந்த இழைகளைக் கீழே போட மாட்டார். விரலில் சுற்றி மோதிரம் மாதிரி சுருட்டி, ஒரு காலி பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பார். உச்சியில் கொண்டை முடிந்து, அதில் சீப்பைச் செருகிக்கொண்டு, துணியோடு நடைக்கு வந்து, "பழனி, பிடி" என்பார்.

நான் பிடிப்பேன். "இழு. இன்னும் இழு. சோறு சாப்பிட்டாயா இல்லையா?" இது தினப்படி.

ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுக் கொல்லையில், சுழலும் துணிக்கொடிக்குப் பக்கத்தில், நாற்காலி போட்டு முடியைக் காயவைப்பார். பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து, "நீ எந்த ஷாம்பு போடுகிறாய், ஹாரி?" என்று நிஜமான அக்கறையோடு கேட்பாள். பாஜி தயிர் என்பார். அவள் நம்பமாட்டாள்.

இரண்டு வருஷம் இதையெல்லாம் பார்த்தேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம், எனக்குத் தெரியும் என்று நான் நினைத்ததுதான்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் முடியும் தாடியும் வளர்த்துக்கொண்டு இருந்தால் அவருக்கு வேண்டுதல் இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைக்காக இருக்கும், வழக்குக்காக இருக்கும். நாள் வந்ததும் பழனிக்குப் போய் இறக்கிவிட்டு, மொட்டையில் சந்தனம் பூசிக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வருவார். வளர்ப்பதே இறக்குவதற்குத்தான். என்ன வேண்டுதல் என்று அவரிடம் கேட்கக் கூடாது. வெளியே சொன்னால் பலிக்காது என்று ஒரு நம்பிக்கை.

ஆக பாஜிக்கு ஏதோ பெரிய வேண்டுதல். ஊருக்குத் திரும்பும்போது அவர்களுடைய பொற்கோயிலில் கொண்டுபோய் இறக்குவார். இடுப்பளவு முடி என்றால் சாமிக்கு எவ்வளவு பெரிய காணிக்கை! அதனால்தான் ஓர் இழையைக்கூட வீணாக்காமல் டின்னில் சேர்க்கிறார். இப்படி எனக்கு நானே முழுசாக ஒரு கதை கட்டிவைத்திருந்தேன். அதில் எங்கேயும் ஓட்டை தெரியவில்லை.

முடியைப் பற்றிப் பேச்செடுக்க எனக்குப் பயம் இருந்தது என்பதும் உண்மை. என் அப்பா நாவிதர். ஊரில் வீடு வீடாகப் போய்ச் செய்வார். தைப்பூசம், பங்குனி உத்திரம் வந்தால் பழனி அடிவாரத்தில் முடி எடுக்கும் கொட்டகையில் உட்கார்ந்துவிடுவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். "இவன் கையில் கத்தி வேண்டாம்" என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். ஆனாலும் கொட்டகையில் ஆள் போதாத இரண்டு தைப்பூசங்களுக்கு, கல்லூரி விடுமுறையில், நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான தலைகளை மழித்திருக்கிறேன். வேகமாக வரும் எனக்கு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

பாஜி ஒருமுறை கேட்டபோது, "அப்பா கோயில்ல வேலை பார்க்கிறார்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு உடம்பு கூசியது.

கத்தி

ஒரு மத்தியானம், படம் வரையும் அறைக்கு ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "பால், உன் கூட்டாளி!"

தகடுகளைத் தூக்கி நகர்த்தும் சங்கிலியின் கொக்கி வீசி அடித்துவிட்டது. உச்சியில் பட்டு இடது காதுக்கு மேலே சறுக்கியிருக்கிறது. நான் போவதற்குள் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. தரையில் தலைப்பாகையிலிருந்து கிழிந்த ஒரு துண்டு மட்டும் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "நீங்கள் யார்?"

"தம்பி" என்றேன்.

மண்டைக்குள் ரத்தம் கசிகிறதாம். உடனே திறந்து எடுக்க வேண்டுமாம். காதுக்கு மேலே முடியை நீக்க வேண்டும். "கையளவு போதும். அவருக்கு ஆட்சேபணை இருக்குமா? அவரால் பேச முடியவில்லை. உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது." பாவம், அவளாவது கேட்டாள். எடுக்கலாம் என்று நான் தலையாட்டினேன்.

பாஜி கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். தலைப்பாகை இல்லாமல் அவரைப் படுக்கையில் பார்ப்பது வேறு யாரையோ பார்ப்பதுபோல இருந்தது. கொண்டை அவிழ்ந்து, முடி ரத்தத்தில் ஊறித் தலையணையோடு ஒட்டியிருந்தது.

சவரம் செய்ய ஒரு ஆள் மின்சார மெஷினோடு வந்தான். அவ்வளவு நீள முடியை அந்த மெஷின் கண்டதில்லை. கவ்வியது, நின்றது, இழுத்தது. பாஜி மயக்கத்திலேயே முனகினார். அவன் மறுபடி இழுத்தான்.

"நிறுத்துங்க" என்றேன். "கொடுங்க, நான் செய்றேன். எங்க அப்பா நாவிதர்."

ஆஸ்திரேலியாவில் அந்த வார்த்தையை நான் முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. நர்ஸ், "அப்படியா, என் மாமாவும்தான்" என்றாள். கத்தியும் வெந்நீரும் கொண்டுவந்து கொடுத்தாள். மெஷின்காரன் நிம்மதியாகச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

நனைக்கும்போதுதான் வேண்டிக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. தலையில் தண்ணீர் வைத்தால் எங்கள் வாயில் தானாக வருவது அது. 'பழனியாண்டவா, இந்த மனுஷனைக் காப்பாத்து. இவர் முடியை உனக்குக் கொடுத்துடறேன்.'

காதுக்கு மேலே கையளவு மழித்தேன். அது முடிந்தது. வேலை அதோடு முடிந்தது.

நர்ஸ் டெலிபோன் பேசப் போயிருந்தாள். மெஷின்காரனும் வெளியே நழுவியிருந்தான். நான் அந்தத் தலையைப் பார்த்தேன். ஒரு பக்கம் வெள்ளையாக வட்டம், மிச்சமெல்லாம் முடி. பாதித் தலையோடு ஒருவரை எழுப்பிவிடுவதைப் போல அவமானம் எங்கள் தொழிலில் கிடையாது. அப்பா சாப்பாட்டுக்குக்கூட நடுவில் எழுந்திருக்க மாட்டார். அதுவும் வேண்டுதல் முடி. பாதி மொட்டையை எந்தச் சாமி வாங்கிக்கொள்ளும்?

முழுசாக எடுத்துவிட்டேன்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு கீறல் விழவில்லை. என் கை அப்பாவின் கை மாதிரி ஓடியது. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், மறைத்துப் பயனில்லை. தாடியை மட்டும் தொடவில்லை. வேண்டுதலில் தாடியைச் சொல்லவில்லை.

நர்ஸ் திரும்பி வந்தாள். "ஓ" என்றாள். பிறகு மெதுவாக, "அவ்வளவும் தேவைப்படவில்லையே" என்றாள்.

நான் ஒரு காகிதப் பை கேட்டு வாங்கி, முடியை அதில் பத்திரமாகச் சேர்த்தேன். சந்தனம் இருந்தால் பூசியிருப்பேன்.

அன்ரி சொன்னது

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் டாக்டர், "உங்கள் அண்ணன் அதிர்ஷ்டசாலி" என்றார். "அந்தத் துணிச் சுற்றும் அதற்குள் இருந்த முடிக் கட்டும் இல்லையென்றால் கொக்கி நேராக உள்ளே இறங்கியிருக்கும்."

கேட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் டிராமுக்கு நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. காப்பாற்றியது முடி என்றால், நான் எதைக் கொடுத்து யாரிடம் எதைக் கேட்டேன்?

மூன்றாம் நாள் கிளென் வேவர்லிக்குப் போனேன். ரயில் அங்கேதான் முடியும். சிவபாக்கியம் அன்ரி வீடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். யாழ்ப்பாணத்துக்காரர், ஆன்ட்டியை அங்கே அன்ரி என்பார்கள். அவர் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். மாதம் ஒருமுறை எங்கள் இருவருக்கும் அங்கே சாப்பாடு உண்டு. பாஜி கண் விழித்தால் கொடுக்க மல்லித்தண்ணி போட்டுத் தருகிறேன் என்று அன்ரி டெலிபோனில் சொல்லியிருந்தார். வழியில் தபாலில் சேர்க்க, முடிப் பையைக் கட்டிய ஒரு பார்சலும் என் கையில் இருந்தது. அப்பா பெயருக்கு. பழனி உண்டியலில் சேர்த்துவிடச் சொல்லி உள்ளே கடிதமும் வைத்திருந்தேன்.

குசினியில் அன்ரி அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் திரும்பினார்.

"தலை முழுக்க வழிச்சுப் போட்டீரோ?"

"ஆமாங்க அன்ரி. வேண்டுதல்..."

"ஆற்றை வேண்டுதல்?"

"என்னோடதுதாங்க."

"ஆற்றை தலை?"

நான் பார்சலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"கதிரையிலை இரும்" என்றார். உட்கார்ந்தேன். "அப்பாவுக்கு மலாயாவிலை வேலை. நான் கோலாலம்பூரிலை பிறந்து வளர்ந்தனான். பக்கத்து வீடு சிங் குடும்பம். அந்தப் பிள்ளையளோடைதான் பள்ளிக்கூடம் போனனான். அவை சாகுமட்டும் ஒரு மயிரும் வெட்டமாட்டினம், தம்பி. அது நேர்த்திக்கு வளர்க்கிறதில்லை. கோயிலிலை குடுக்கிறதுமில்லை. கடவுள் தந்ததைத் தந்தபடி வைச்சிருக்கிறதுதான் அவையின்ரை சமயம். குருவுக்குக் குடுத்த வாக்கு அது."

"கொடுக்கவே மாட்டாங்களா?"

"ஆருக்குக் குடுக்கிறது? அவரிட்டைத்தானே வாங்கினது!" கரண்டியைக் கீழே வைத்தார். "படிச்ச பிள்ளை எண்டெல்லோ நான் நினைச்சனான். இரண்டு வருசம் ஒரு வீட்டிலை இருந்து போட்டு, ஒருக்கால் கேட்டுப் பார்த்திருக்கக் கூடாதோ?"

பிறகு என் மடியைப் பார்த்தார். "உதென்ன பார்சல்?"

சொன்னேன். அன்ரி கண்ணை மூடித் திறந்தார்.

"தபாலிலை போட்டிடாதையும். அந்தாள் எழும்பி, எங்கை எண்டு கேட்டால் என்ன சொல்லுவீர்?"

ரயிலில் திரும்பும்போது ஒரு பக்கம் மல்லித்தண்ணி ஃபிளாஸ்க், ஒரு பக்கம் பார்சல். இரண்டையும் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட்டில் இருந்தவன் தோள் வரை முடி வைத்திருந்தான். இப்போதெல்லாம் மெல்பர்ன் பையன்களில் பாதிப் பேர் அப்படித்தான். எதற்காக வளர்க்கிறாய் என்று அவனை உலுக்கிக் கேட்க வேண்டும்போல இருந்தது.

ஐந்தாம் நாள்

பாஜி தெளிவாகக் கண் விழித்தது ஐந்தாம் நாள். முதலில் தண்ணீர் கேட்டார். பிறகு கை மேலே போனது. தலையில் போட்டிருந்த கட்டைத் தொட்டது. கட்டுக்கு மேலே உச்சிக்குப் போனது. பின்னால் பிடரிக்குப் போனது. பிடரியில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவசரமாகக் கீழே இறங்கித் தாடியைப் பிடித்துக்கொண்டது.

"யார்?"

"நான்தான், பாஜி."

"டாக்டர் சொன்னாரா?"

பொய் சொல்ல அது நல்ல இடம். டாக்டர் சொன்னார் என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை நாக்கு வரை வந்தது.

"கையளவுதான் சொன்னாங்க. மிச்சம் நானா எடுத்தேன்."

அப்பாவைப் பற்றியும் கொட்டகையைப் பற்றியும் வேண்டுதலைப் பற்றியும் தாறுமாறாகச் சொன்னேன். நடுவில் எங்கேயோ, "நீங்க பிழைச்சுட்டீங்களே, பாஜி" என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தலையைத் திருப்ப முடியாது அவரால். கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

"என் தலையை உன் சாமிக்கு யாரைக் கேட்டுக் கொடுத்தாய்?"

அந்தக் கேள்வியை இன்றும் எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.

"கேஷ் எங்கே?" என்றார். முடியை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் அப்பா பெயர் எழுதிய தாளைக் கிழித்தெறிந்துவிட்டுப் பையை மட்டும் கொண்டுவந்திருந்தேன். கொடுத்தேன். மார்மேல் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கூரையைப் பார்த்தபடியே இருந்தார். கண்ணோரத்தில் வழிந்தது காதுக் கட்டுக்குள் இறங்கியது.

வாழைத்தோட்டத்து ஊர்

பாஜி வீட்டுக்கு வந்த மறுநாள்தான், ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கைப்பிடி.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. வழக்கம்போல எனக்கும் சேர்த்து ரொட்டி சுட்டு மூடிவைத்தார். உப்பு எடு, மழை வருகிறது, குப்பைத் தொட்டியை வெளியே வை. இந்த மாதிரிப் பேச்சு நடந்தது. ஆனால் காலையில் பாராயணம் முடிந்ததும் சீப்பை எடுப்பார். வார ஒன்றும் இல்லாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு சற்று உட்கார்ந்திருப்பார். பிறகு நடைக்கு வந்து கதவில் முடிச்சுப் போடுவார். நான் அறைக்குள்ளேயே இருந்து துணி உதறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் நான் கத்தியை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். "என் தலையையும் மழிச்சுக்கறேன். அதைச் சாமிக்கு அனுப்பி வேண்டுதலை நேர் பண்ணிடறேன்."

"இன்னொரு தலையா?" என்றார் பாஜி. "போதும். இனி யார் தலையிலும் கை வைக்காதே. உன் தலை உட்பட."

உடம்பு தேறியதும் விடுப்பில் வூல்கூல்காவுக்குப் போனார். சிட்னியையும் தாண்டி வடக்கே கடலோரம் இருக்கும் ஊர். வாழைத்தோட்டங்களில் பஞ்சாபிக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, அவர்களுக்குக் கோயிலும் இருக்கிறது. பையை எடுத்துக்கொண்டு போனார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு கூடை வாழைப்பழத்தோடு வந்தார். பை வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவராகத்தான் சொன்னார். பதினெட்டு வயதில் அவர் ஊரில் ஐந்து பேர் முன்னால் தீட்சை வாங்கியவராம். முடியில் கத்தி பட்டால் அந்தத் தீட்சை போய்விடுமாம். மறுபடி ஐந்து பேர் முன்னால் நின்று, நடந்ததைச் சொல்லி, அவர்கள் கொடுக்கும் தண்டனையை ஏற்று, திரும்ப வாங்க வேண்டுமாம். இருந்த நாளெல்லாம் கோயிலுக்கு வந்தவர்களின் செருப்பைத் துடைத்தாராம், பாத்திரம் கழுவினாராம்.

எனக்குப் புரியவில்லை. "நீங்க தப்பே பண்ணலையே. மயக்கத்துல இருந்தீங்க."

"அவங்களும் அதான் சொன்னாங்க."

"அப்புறம் எதுக்குத் தண்டனை?"

"நான்தான் கேட்டு வாங்கினேன்." ரொட்டியைப் பிய்த்தார். "ஒருத்தர் உன்கிட்ட ஒரு பொருளைப் பார்த்துக்கன்னு குடுத்துட்டுப் போறார். நீ தூங்குறப்ப அது போயிடுது. நீ திருடன் இல்ல. ஆனா அவர் முன்னால போய் நிக்கணுமா, வேண்டாமா?"

"அப்ப திருடன் நானா?"

பாஜி மென்றுகொண்டே யோசித்தார்.

"அதைத்தான் பஸ்ஸுல யோசிச்சுட்டே வந்தேன்."

"என்ன முடிவுக்கு வந்தீங்க?"

"ஊர் வந்துடுச்சு" என்றார்.

சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. வாழைப்பழத்தை என் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் காலை ஆவலோடு முன்னதாகவே எழுந்து தயாராக நின்றேன். நடையில் முடிச்சுப் போடும் சத்தம் கேட்டது. கைப்பிடியில்தான்.

கைப்பிடி

அந்த வீட்டில் எல்லாமே பழசு. தினம் தினம் ஐந்து மீட்டர் துணியை மாட்டி இழுத்தால் கைப்பிடி எத்தனை நாள் தாங்கும்? ஒரு காலை 'டக்' என்று சத்தம் கேட்டது. பித்தளைக் குமிழ் நடையில் உருண்டு வந்து என் அறைக் கதவில் இடித்தது.

பிறகு, "பழனி!"

ஓடினேன். பாஜி துணியின் முனையை நீட்டினார். வாங்கினேன். "இழு" என்றார். இழுத்தேன். சோறு சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. மடித்து முடித்ததும் முனையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

குமிழை ஜன்னல் கட்டையில் வைத்தேன். மாட்டவில்லை.

ஒரு வாரம் அது அங்கேயே இருந்தது. ஒரு வாரமும் காலையில் என்னைக் கூப்பிட்டார். நான் போனேன். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெளிவாகவில்லை. என்னை மன்னித்துவிட்டாரா, கதவில் கட்ட முடியாமல் கூப்பிடுகிறாரா? ஒரு திருகாணி முறுக்குகிற வேலை அது. தொழிற்சாலையில் நாளெல்லாம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிற மனுஷர், ஒரு நிமிஷத்தில் மாட்டியிருக்கலாம். ஏன் மாட்டவில்லை? சோம்பலா? மறதியா? நான் மாட்டுகிறேனா என்று பார்க்கிறாரா? ஜன்னல் கட்டையில் அந்தக் குமிழைப் பார்க்கும்போதெல்லாம், அவரைக் கேட்காமல் எடுத்த இன்னொரு பொருளை ஒளித்துவைத்திருப்பதுபோலவே எனக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாட்டிவிட்டேன். பழைய ஆணி தேய்ந்திருந்தது. புதுசு போட்டு நன்றாக முறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் தொங்கினாலும் வராது.

திங்கட்கிழமை காலை என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். பாராயணம் முடிந்தது. அந்த மரச் சீப்பின் சத்தம் கேட்டது. விரற்கடை அளவு முடி வந்திருந்தது அப்போது. வாருவதற்குக் காணாது. ஆனாலும் வாரினார். நடையில் காலடி. துணியை உதறும் சத்தம். கைப்பிடியை யாரோ பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பும் கிறீச்.

அப்புறம் ஒன்றும் இல்லை.

தண்டவாளத்தில் ஒரு ரயில் போய் முடிந்தது.

என் அறைக் கதவு திறந்தது. பாஜி நின்றார், கையில் நீலத் துணியின் முனை.

"நல்லா முறுக்கியிருக்கே" என்றார்.

"ஆமா, பாஜி."

"உன்னைவிட அந்தக் கதவு நல்லா இழுக்கும்" என்று சொல்லி முனையை என் மேல் எறிந்தார். "எழுந்திரு. பிடி."

பிடித்தேன். அவர் பின்னால் நடந்து நடையின் கோடிக்குப் போனார். துணி எங்களுக்கு நடுவில் மெல்ல எழுந்து விறைத்தது.

என் வேண்டுதல் இன்னும் அப்படியே நிற்கிறது. அன்றிலிருந்து நானும் முடி வெட்டவில்லை. ஊருக்குப் போகும்போது பழனியில் இறக்க வேண்டும். இப்போது தோளைத் தொடுகிறது. போன மாதம் பாஜி தன் பெட்டியிலிருந்து ஒரு மரச் சீப்பை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கத்தியில் போய் முடியப்போகிற முடிக்கு அவர் ஏன் சீப்புக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இந்தமுறை கேட்டுவிடுவது என்று இருக்கிறேன்.

"இழு" என்றார் அந்தத் திங்கட்கிழமை. "இன்னும் இழு. சோறு சாப்பிட்டாயா, இல்லையா?"